முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தாறு வரை

வாஹித் பாஷா அந்தப் பொய்யைச் சொன்னபோது அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ரம்ஜான் மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. விடியுமுன் சஹர் சாப்பாட்டு நேரத்தில் குடித்த தண்ணீரோடு சரி. பொய் சொல்ல நேரம் பார்த்தான் பாருங்கள்! மிச்சம் பதினோரு மாதம் சும்மா கிடக்கிறது. அதிலெல்லாம் சொல்லாமல் நோன்பு வாயோடு சொன்னான்.

கேட்டால் பெரிய பொய்யாகக்கூடத் தெரியாது. "ஐஸ்லயேதானே இருந்துச்சு பாய்?" என்று கெசியா கேட்டாள். "ஆமா மேடம், ஐஸ்லயேதான்" என்றான். அவ்வளவுதான். அந்த ஒரு வரி ஏழு மாதம் ஒரு பெண்ணை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆம்பூரில் மக்பூல் அகமதுவின் தோல் ஃபேக்டரியில் வாஹித் பாஷா பிரஸ் ஆபரேட்டர். பதனிட்டுச் சாயம் ஏற்றிய தோலை, சூடான எஃகுத் தகட்டுக்கு அடியில் வைத்து, நூற்றுக்கணக்கான டன் எடையில் அமுக்கிப் பளபளப்பு ஏற்றுகிற மெஷின் அது. பதினான்கு வருஷமாக அதே மெஷின்தான். அதன் முனகல் மாறினால் வீட்டில் தூங்கும்போதே தெரிந்துவிடும் என்று பெருமை பேசுவான். நம்பத் தேவையில்லை, ஆனால் வேலைக்காரன்.

ஃபேக்டரிக்கு வெள்ளிக்கிழமை லீவு. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் பொங்கல் முடிந்த கையோடு, அந்த வெள்ளிக்கிழமைக்கு ஆபத்து வந்தது. கெசியா வேலூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் லெக்சரர். முப்பத்தைந்து வயது. வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டிய அழுத்தம் கொடுக்கிற மெஷின் காலேஜில் கிடையாது. அவள் அம்மா ஜெயபுஷ்பம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது, மக்பூல் அகமதுவின் மனைவியைப் பிரசவத்தில் பிழைக்க வைத்தவர். அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்டபோது முதலாளியால் மறுக்க முடியவில்லை.

"வெள்ளிக்கிழம மெஷின் சும்மாதானே நிக்குது. வந்து அமுக்கிட்டுப் போகட்டும்" என்றார். பிறகு வாஹித் பாஷாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தம்மா பொருளுக்கு ஒரு குறை வந்துச்சு, உன்னத்தான் கேப்பேன்" என்றார். லீவு போனது அவனுக்கு, பெரிய மனசு முதலாளிக்கு. உலகம் அப்படித்தானே.

முதல் நாள் அவள் கொண்டுவந்தது விரல் நீள அலுமினியத் துண்டுகள். கூடவே ஒரு எஃகு அச்சு. அச்சுக்குள்ளே 'ட' எழுத்து மாதிரி வளைந்த ஒரு துளை. மேலிருந்து துண்டை உள்ளே தள்ளி அமுக்கினால், மூலையில் திரும்பிப் பக்கவாட்டில் வெளியே வரும். வந்ததை எடுத்து மறுபடியும் தள்ள வேண்டும். இப்படி ஒவ்வொரு துண்டையும் நான்கு தடவை. வாஹித் பாஷா இரண்டு வெள்ளிக்கிழமை பொறுத்தான். மூன்றாவது வாரம் கேட்டே விட்டான்.

"உள்ள போன சைஸ்லயேதான் வெளிய வருது. அப்புறம் இன்னாத்துக்கு மேடம் அமுக்கறது?"

கெசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெளிய பாக்க அதே சைஸுதான் பாய். உள்ள அந்த மூலைல திரும்பும்போது செமத்தியா நசுங்குது. நாலு தடவ நசுங்கினா உலோகத்துல இருக்கற மணி மணியான அமைப்பு எல்லாம் பொடிப் பொடியா ஆயிடும். பலம் ஏறும். ஆனா ஏறின பலத்தோட ஒரு சனியனும் வருது. இழுத்தா நீளாது, சட்டுனு பிச்சுக்கும். பலமும் வேணும், பிச்சுக்கவும் கூடாது. அதுக்கு இன்னா பண்ணலாம்னுதான் ஆறு வருஷமா மண்டைய ஒடச்சிக்கறேன்."

"தோலுக்கும் அதே பேஜார்தான்" என்றான் அவன். "எண்ணெய் ஏத்தறோம் இல்ல, அது நாருக்கு நாரு பொடியா உள்ள எறங்கினா தோலு மடக்கின மாதிரி மடங்கும். மேலாவே திட்டுத் திட்டா நின்னுச்சு, மடக்கின எடத்துல வெடிக்கும்."

அவள் கையில் இருந்த துண்டைக் கீழே வைத்துவிட்டாள். "அய்யோ பாய், இதேதான்! எங்க காலேஜ் பசங்களுக்கு ஒரு மாசம் எடுத்தாலும் ஏற மாட்டேங்குது" என்றாள். அலுமினியத்தில் கொஞ்சம் மக்னீசியமும் சிலிக்கானும் டீயில் சர்க்கரை கரைந்த மாதிரி கரைந்திருக்கிறது. அடுப்பில் நன்றாகச் சுட வைத்துத் தண்ணீரில் முக்கினால், கரைந்தது கரைந்தபடியே உள்ளே மாட்டிக்கொள்ளும். சும்மா வைத்தால் மெல்ல மெல்லத் தூளாகப் பிரிந்து வரும். அந்தத் தூள் கண்ணுக்கே தெரியாத அளவு பொடியாக, எல்லா இடத்திலும் பரவி விழுந்தால் நல்லது. ஓரங்களில் கட்டி கட்டியாகச் சேர்ந்தால் அந்த ஓரமாகவே விரிசல் ஓடிவிடும். அவள் சொல்கிறவரைக்கும் அந்தத் தூள் பிரிய ஆரம்பிக்கக் கூடாது. அதனால்தான் காலேஜிலிருந்து ஆம்பூர் வரை பஸ்ஸில் ஐஸ் போட்ட பெரிய ஃபிளாஸ்க். அமுக்கி முடித்ததும் மறுபடி ஐஸ். காலேஜுக்குப் போய்ப் பாதியை அப்படியே இழுத்துப் பார்ப்பாள், பாதியைப் புத்தகத்தில் சொன்ன மாதிரி நூற்றெழுபத்தைந்து டிகிரி அடுப்பில் எட்டு மணி நேரம் வைத்துவிட்டு இழுத்துப் பார்ப்பாள்.

"சூடு மட்டும் படவே கூடாது பாய்" என்பாள். ஒவ்வொரு வாரமும் சொல்வாள். அவனும் ஒவ்வொரு வாரமும் தலையாட்டுவான்.

அந்த வருஷ ரம்ஜான் நவம்பரில் வந்தது. கடைசி வெள்ளிக்கிழமை அல்விதா ஜும்மா. ஊரே பள்ளிவாசலில் நிற்கிற நாள். ஆனால் பெருநாள் லீவுக்கு முன்னால் ஏற்றுமதிச் சரக்கு போயாக வேண்டும். அதனால் ஜும்மா முடிந்த பிறகு ஃபேக்டரியைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமை விடிகிறவரை ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் ஓட்டுவது என்று முடிவானது. காலையில் பிரஸ் குளிர்ந்திருக்கும்போதே கெசியா வந்து ஆறு துண்டுகளை அமுக்கிவிட்டாள். ஒவ்வொன்றின் தலையிலும் நம்பர் குத்தியிருந்தது, முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தாறு வரை. சனிக்கிழமை அவளுக்குக் காலேஜில் பரீட்சை டியூட்டி, கூடவே காய்ச்சல் வேறு. ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் இடிபட முடியாது என்றாள்.

"இங்கயே இருக்கட்டும் பாய். ஞாயித்துக்கிழம காலைல வந்து எடுத்துக்கறேன். ஐஸ் உருக உருக மாத்திடுவீங்க இல்ல?"

"நீங்க நிம்மதியா போங்க மேடம். என் பொறுப்பு."

அன்று சாயங்காலம் ஃபேக்டரியிலேயே நோன்பு திறக்க நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேரீச்சை இருந்தது, கஞ்சி இருந்தது, ஒரு பெரிய பக்கெட் நிறைய சர்பத் கலந்து வைத்திருந்தது. ஐஸ் இல்லை. அல்விதா ஜும்மா கூட்டத்தில் ஆம்பூர் கடைத்தெருவில் ஒரு துண்டு ஐஸ் கிடைக்கவில்லை. தொழிலாளிகளோடு உட்கார்ந்து நோன்பு திறக்கலாம் என்று அன்றைக்குப் பார்த்து மக்பூல் அகமதுவும் வந்துவிட்டார். பக்கெட்டைத் தொட்டுப் பார்த்து, "இன்னாப்பா, வெந்நீரா கீது?" என்றார்.

வாஹித் பாஷாவின் கண் ஃபிளாஸ்க் பக்கம் போனது. அரை மணி நேரம்தானே, தொழுதுவிட்டு எப்படியாவது ஐஸ் வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தான். மூடியைத் திறந்தான். துண்டுகள் பிளாஸ்டிக் பையில் கட்டி இருந்தன, ஐஸ் சுத்தமாகத்தான் இருந்தது. மொத்தத்தையும் பக்கெட்டில் கொட்டினான். பையில் ஈரம் கசிந்திருந்தது. ஈரமான எதையும் மூடி வைக்கக் கூடாது என்பது தோல் வேலைக்காரன் கைக்குத் தானாக வருகிற புத்தி. துண்டுகளைத் துடைத்து, ஒரு துண்டுத் தோலில் சுருட்டி, பிரஸ்ஸின் மேல் தகட்டுக்குப் பின்னால் இருக்கிற கையகல விளிம்பில் வைத்தான். மற்ற மாதங்களில் டீ கிளாஸை ஆறாமல் வைக்கிற இடம் அது. நோன்பு மாதத்தில் டீ ஏது, அதனால் காலியாக இருந்தது, தகடும் இன்னும் சூடேறவில்லை.

சர்பத் ஜில்லென்று இருந்தது. முதலாளி இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு "சபாஷ்" என்றார். தொழுகை முடிந்தது, சரக்கு வந்து குவிந்தது, தகடு சூடேறியது. அதோடு அவன் மறந்தான். சுத்தமாக மறந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சஹருக்கு வீட்டில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தபோதுதான் ஞாபகம் வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. மனைவி ஹலீமா பீ என்னவென்று கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினான். தோலைப் பிரித்தால் துண்டுகள் கையில் பிடிக்க முடியாத சூடு. மீன் மார்க்கெட்டில் வண்டியிலிருந்து இறங்கிய ஐஸை வாங்கி வந்து, ஃபிளாஸ்க்கில் போட்டு, துண்டுகளை உள்ளே தள்ளி மூடினான். பத்து மணிக்குக் கெசியா வந்தாள். காது வரை ஸ்கார்ஃப், சிவந்த கண். அந்தக் காய்ச்சலோடு வந்திருக்கிறவளிடம் உண்மையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. முதலாளி சொன்னதும் காதில் ஒலித்தது. சொல்லிவிட்டான் அந்தப் பொய்யை.

பெருநாள் வந்தது, போனது. ஆறு துண்டு தானே, கெட்டுப் போனால் அவள் தூக்கிப் போட்டுவிடுவாள் என்று சமாதானம் செய்துகொண்டான். டிசம்பரிலிருந்து அவளும் வரவில்லை. எல்லாத் துண்டையும் இழுத்து உடைத்துப் பார்க்கிற வேலை காலேஜில் நடந்துகொண்டிருந்தது.

அடுத்த வருஷம் மே மாதம், கத்திரி வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி வந்து நின்றாள். ஆளே பாதியாக இருந்தாள்.

"பாய், நல்லா யோசிச்சு சொல்லுங்க. முப்பத்தொண்ணுலேர்ந்து முப்பத்தாறு, அந்த ஆறு பீஸ் மட்டும் மத்ததுங்களோட சேரவே மாட்டேங்குது. அந்த வாரம் எதனா வேற மாதிரி நடந்துச்சா?"

வாஹித் பாஷா லீவரைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டான். கெட்டது தெரிந்துபோய்விட்டது என்று நினைத்தான். "ஒண்ணும் இல்லியே மேடம். எப்பவும் போலத்தான்."

"ஐஸ்?"

"ஐஸ்லதான் இருந்துச்சு."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஜூன் முப்பதுக்குள் தீசிஸைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இனி கிடையாது. கைடு ஜெபராஜ் சார் அந்த ஆறையும் சந்தேகப்படுகிறார். மறுபடி செய்து காட்டினால் வைத்துக்கொள், முடியாவிட்டால் அந்த ஆறும் இல்லை, அதை நம்பி எழுதிய அத்தியாயமும் இல்லை என்று சொல்லிவிட்டார். "அது மட்டும் இல்ல பாய். நான் ஏதோ நம்பர மாத்தி எழுதிட்டேன்னு அவருக்கு நினைப்பு. வாய் விட்டுச் சொல்லல. மூஞ்சிய பாத்தா தெரியாதா?" என்றாள்.

அதிலிருந்து நான்கு வெள்ளிக்கிழமை வந்தாள். அதே அச்சு, அதே அழுத்தம், அதே நான்கு தடவை, அதே ஐஸ். ஜும்மாவுக்கு அவன் கிளம்புகிறபோது வேலூர் பஸ் ஏறுவாள். அடுத்த வாரம் வரும்போதே முகத்தில் தெரியும். கேட்டால், "எல்லாம் மத்ததுங்க மாதிரியேதான்" என்பாள். அவள் எதைத் தேடுகிறாள் என்று அவனுக்குச் சரியாகப் புரியவில்லை. தான் கெடுத்த ஆறு துண்டுக்காக ஒருத்தி தேய்ந்துகொண்டிருக்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான்காவது வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹலீமா பீ தட்டை நகர்த்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர்கள் வீட்டில் பேச்சு உருதுவில்தான், நான் நம் வசதிக்குத் தமிழில் சொல்கிறேன். ஒரு மாதமாக மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறீர்களே, என்ன சங்கதி என்று கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டினான். ஐஸ், சர்பத், விளிம்பு, மீன் மார்க்கெட், பொய், மறுபடி பொய்.

ஹலீமா பீ முழுசாகக் கேட்டாள். பிறகு, "நோன்பு வாயாலயா?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாலு வெள்ளிக்கிழமையா அந்தப் பொம்பள உங்க பொய்யத்தான் மெஷின்ல வெச்சு அமுக்கிட்டு இருக்கா. நீங்களும் பக்கத்துல நின்னு லீவர் இழுக்கறீங்க. வெக்கமா இல்லியா?" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். தட்டு அப்படியே கிடந்தது.

அடுத்த வாரம், ஜூன் பதினெட்டாம் தேதி, கெசியா வந்தது அச்சை எடுத்துக்கொண்டு போக. ஃபிளாஸ்க்கில் நான்கு துண்டு மிச்சம் இருந்தது, ஆனால் அமுக்கப்போவதில்லை என்றாள். அந்த ஆறையும் நீக்கிவிட்டு, இருப்பதை வைத்து எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தாள். "அத எடுத்துட்டா என் தீசிஸ்ல புதுசா ஒண்ணுமே இல்ல பாய். எல்லாரும் எழுதினதையே நானும் எழுதின மாதிரி. பரவால்ல. கள்ளின்னு பேரு எடுக்கறதுக்கு அது மேல்" என்றாள். குரல் உடையாமல் சொன்னாள். அதுதான் வாஹித் பாஷாவால் தாங்க முடியவில்லை.

"மேடம், அந்த ஆறு பீஸையும் கெடுத்தது நான்தான்."

"இன்னா பாய்?"

"ஐஸ்ல இல்ல. ஐஸ எடுத்து சர்பத்துல போட்டுட்டேன். பீஸை அந்த விளிம்புல வெச்சு மறந்துட்டேன். கை வெக்க முடியாத சூட்டுல கெடந்துச்சு. உங்ககிட்ட ரெண்டு தடவ பொய் சொன்னேன். முதலாளிகிட்ட சொல்லுங்க, வேலைய விட்டு எடுக்கட்டும். அந்த ஆறையும் தூக்கிப் போட்டுடுங்க மேடம், கெட்டுப்போனதுக்காக நீங்க ஏன் உடம்ப கெடுத்துக்கறீங்க?"

கெசியா அவனையே பார்த்தாள். "கெட்டுப்போனதா? யாரு சொன்னா கெட்டுப்போச்சுன்னு?"

"நீங்கதான் சொன்னீங்க, மத்ததோட சேரலன்னு."

"மத்ததெல்லாம்தான்யா கெட்டுப்போச்சு!" என்று கத்தினாள். பாய் போய் 'யா' வந்துவிட்டது. "நாப்பது பீஸ்ல அந்த ஆறுதான் உருப்படி! பலத்துலயும் அதுதான் மேல, பிச்சுக்காம நீண்டதும் அதுதான். ஏழு வருஷமா நான் தேடினது அந்த ஆறுலதான் இருக்குது. அடுப்புல வெக்காமலே எப்பிடி வந்துச்சுன்னு தெரியாமத்தான் பைத்தியம் புடிச்சு அலையறேன்!"

வாஹித் பாஷாவுக்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. பயப்படுவதுதான் சரி என்று அடுத்த நிமிஷம் தெரிந்தது. அவள் அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். மே மாதம் கேட்டபோதே சொல்லியிருந்தால் ஒரு அத்தியாயத்துக்கு ஒரு மாதம் கையில் இருந்திருக்கும். சார் முன்னால் பைபிள் மேல் சத்தியம் செய்யாத குறையாக, ஐஸில்தான் இருந்தது, எனக்குத் தெரிந்தவர் சொன்னார் என்று சொல்லியிருக்கிறாள். "உங்க வார்த்தைய நம்பி என் பேர வெச்சேன் பாய். மன்னிச்சிட்டேன்னு இப்ப என்னால சொல்ல முடியாது. சொன்னா அது பொய்யா போயிடும்" என்றாள்.

"சொல்லாதீங்க மேடம்" என்றான் அவன்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "எப்ப வெச்சீங்க? எப்ப எடுத்தீங்க?"

"வெள்ளிக்கிழம நோன்பு தொறக்கற நேரம் வெச்சேன். ஞாயித்துக்கிழம சஹருக்கு எடுத்தேன்."

"மணி சொல்லுங்க பாய்."

"நோன்பு தொறந்தது அஞ்சே முக்கால். எடுக்கும்போது பள்ளிவாசல்ல பாங்கு சொல்ல இருந்தாங்க, அஞ்சு இருக்கும்."

முப்பத்தைந்து மணி நேரம் என்று அவள் எழுதினாள். நல்ல வேளையாக நோன்பு மாதத்து நேரம் எவனுக்கும் மறக்காது. மிச்சமிருந்த நான்கு துண்டையும் முதலில் அமுக்கி ஐஸில் போட்டார்கள். பிறகு பிரஸ்ஸை அன்றைய சூட்டுக்கே ஏற்றச் சொன்னாள். இரண்டு மணி நேரம் கழித்து விளிம்பில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. அதற்கு மேல் ஏறவில்லை.

"புத்தகத்துல இருக்கறது நூத்தியெழுபத்தஞ்சு" என்று அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டாள். "நசுங்காத அலுமினியத்துக்கு அது சரி. இத அந்தப் பாடு படுத்தி நசுக்கி வெச்சிருக்கோம். அந்தச் சூட்டுல தூளு தடதடன்னு ஓரத்துல போய்க் கட்டியாயிடுது, அங்கயே கிழியுது. நூறுல நிதானமா வெச்சா பொடிசா, உள்ளயே, எல்லா எடத்துலயும் விழுது. விரிசல் ஓடறதுக்கு வழி கெடைக்கல. அய்யோ ஆண்டவரே, இத நான் யோசிச்சிருக்கணும்!"

அமுக்கின நான்கு துண்டும் தயாராக இருந்தன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை வரை பிரஸ் சூடாக இருக்க வேண்டும், அதற்கு முதலாளி சம்மதிக்க வேண்டும். வாஹித் பாஷா தானே போய் மக்பூல் அகமதுவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அந்த சர்பத்தா? நான் ரெண்டு கிளாஸ் குடிச்சேனேப்பா!" என்றார். அப்புறம் என்ன செய்வார் பாவம், பங்காளி ஆகிவிட்டார். "ஓட்டிக்க" என்று மட்டும் சொன்னார்.

மூன்று துண்டை விளிம்பில் வைத்தார்கள், ஒன்றை ஐஸில் வைத்தார்கள். இந்தத் தடவை வாஹித் பாஷா பிரஸ்ஸை விட்டு நகரவில்லை. ஹலீமா பீ சோற்றைத் தூக்கில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். மூஞ்சி இன்னும் முழுசாக இறங்கவில்லை, ஆனால் முட்டை வைத்திருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் அவன் பஸ் ஏறி வேலூர் காலேஜுக்குப் போனான். பதினேழு மாதமாக அமுக்கித் தந்த துண்டுகளை என்ன செய்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தான். ஆளுயர மெஷின், துண்டின் இரண்டு முனையையும் கவ்விப் பிடித்து இழுக்கிறது. ஜெபராஜ் சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலில் ஐஸில் வைத்தது. முள் ஏறியது, ஏறியது, 'டப்' என்ற சத்தத்தோடு துண்டு இரண்டாகப் போனது. உடைந்த இடம் சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி இருந்தது.

அடுத்தது விளிம்பில் வைத்தது. முள் பழைய இடத்தைத் தாண்டியது. துண்டு மெல்ல நீண்டது, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியது, இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தது. கெசியாவின் உதடு என்னவோ முணுமுணுத்தது. ஜெபமாகத்தான் இருக்கும். அவனும் தன் பங்குக்கு அல்லாவைக் கூப்பிட்டான். ரொம்ப நேரம் கழித்து, வேண்டா வெறுப்பாக விடுகிற மாதிரி அது விட்டது.

ஜெபராஜ் சார் கட்டிய கையை அவிழ்த்தார். "இன்னொண்ணு போடும்மா" என்றார். போட்டாள். அதற்கப்புறம் மூன்றாவதையும் போட்டாள். மூன்றும் ஒரே மாதிரி. சார் கிராஃப் தாளை எடுத்துப் பழைய ஆறின் தாள்களோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அத்தியாயத்த எடுக்க வேண்டாம். எப்பிடி ஆச்சுன்னு உள்ளது உள்ளபடி எழுதிடு" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "நான் உன்ன தப்பா நெனச்சிட்டேன் கெசியா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தாள். மணி ஆறு ஆகியிருந்தது. ஒரு கிளாஸை அவன் பக்கம் நீட்டினாள்.

"வேணாம் மேடம்."

"ஏன் பாய், நான் இன்னும் கோவமா இருக்கேன்னா? கோவம்தான். டீ குடிக்கறதுக்கு அதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"நோன்பு மேடம்."

"ஜூன் மாசத்துல இன்னா நோன்பு?"

அவன் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த ஞாயித்துக்கிழம நோன்பு. நோன்பு வாயாலதானே உங்ககிட்ட பொய் சொன்னேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்த கேட்டேன். பொய் பெரிய பாவம், தவ்பா பண்ணி அல்லாகிட்ட மன்னிப்பு கேளு, ஆனா நோன்பு முறியாது, திருப்பி வெக்கத் தேவையில்லன்னு சொன்னாரு. எனக்குத்தான் மனசு ஒப்பல. அந்த ஒரு நோன்ப மறுபடி வெச்சிடணும்னு இருந்துச்சு. உங்க பீஸு இழுக்கற அன்னிக்கே வெக்கலாம்னு இன்னிக்கு வெச்சேன்."

கெசியா தன் டீயையும் குடிக்காமல் ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"எத்தன மணிக்கு தொறப்பீங்க?"

"ஆறு முப்பத்தொம்பது."

"பஸ்ல போயிட்டு இருப்பீங்களே."

"ஒரு வாய் தண்ணி போதும் மேடம். பாட்டில் வெச்சிருக்கேன்."

"ஒக்காருங்க" என்றாள்.

லேபைப் பூட்ட வந்தவரை அரை மணி நேரம் கழித்து வரச் சொல்லி அனுப்பினாள். கேன்டீனுக்குப் போய் நான்கு வாழைப்பழமும் எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் வாங்கி வந்தாள். கண்ணாடிக் குவளையில் ஜூஸ் கலக்கினாள். இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆறு முப்பத்தெட்டுக்கு அவள் எழுந்து மேஜைக்கடியிலிருந்து அந்தப் பெரிய ஃபிளாஸ்க்கை எடுத்து மூடியைத் திறந்தாள்.

"வேலைக்கு வெச்ச ஐஸாச்சே மேடம்" என்றான் வாஹித் பாஷா.

"அதனால இன்னா?" என்று ஒரு கை நிறைய அள்ளி அவன் குவளையில் போட்டாள். "குடிங்க பாய். கோவம் போயிடுச்சு."